எரிமலை நாட்டில் மூட்டை சுமந்து ஒரு நாள் நடக்க, பொதிகைப் பழக்கம் போதுமா?

போதும். ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் பொதிகையை மறந்துவிட்டுப் போங்கள்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். பாபநாசம், காரையாறு பக்கம் நடந்து பழகிய கால். நியூசிலாந்தின் டோங்காரிரோ எரிமலை மேல் ஏறி, பக்கத்து ஙாவுருஹோ எரிமலையைச் சுற்றிவரும் பாதையில் நானும் சித்தி மகனும் முதுகுப்பையோடு போனோம். முழுச் சுற்று மூன்று நான்கு நாள் நடை. நீங்கள் கேட்டது ஒரு நாளைப் பற்றி என்பதால், மங்காடெபோபோ குடிலிலிருந்து ஓடுரெரே குடில் வரை போன நாளைச் சொல்கிறேன். சுமார் 13 கிலோமீட்டர்.

உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். அன்றைய உச்சம் ரெட் கிரேட்டர் என்ற எரிமலை வாயின் விளிம்பு, 1886 மீட்டர். நம் அகத்தியர் மலை 1868. அதிலும் குடிலே ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால், அன்று ஏறுவது பாதி உயரம்கூட இல்லை.

சிரமமெல்லாம் காலடியில்தான். நம் மலை எரிமலை கிடையாது. பூமிக்கு அடியில் வெந்து இறுகிய பழம்பாறை. மழையில் வழுக்கும், மற்றபடி மிதித்தால் நிற்கும். அங்கே கிடப்பதோ நெருப்புக் குழம்பு சிதறி, உள்ளிருந்த வாயு வெளியேறி, பொத்தல் பொத்தலாக ஆறிய சல்லி. ரெட் கிரேட்டரிலிருந்து மரகத ஏரிகளுக்கு இறங்கும் சரிவு முழுக்க அதுதான். முன்னால் குனிந்தால் பை தள்ளிவிடும். குதிகாலை அழுத்தி ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வைத்து, சல்லியோடு சேர்ந்தே சறுக்கி இறங்க வேண்டும். கைத்தடி இரண்டு கட்டாயம்.

விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்தோம். தம்பி கையை ஊன்றியவன், "அண்ணே, தரை வெதுவெதுன்னு இருக்கு, தொட்டுப் பாருங்க" என்றான். கல்லிடுக்கில் ஆவி, கந்தக வாடை, மேலே உறையும் காற்று. ஒரே இடத்தில் இத்தனையும்!

சரி, தண்ணீருக்கு வருகிறேன். காரையாறு பக்கம் தாகம் எடுத்தால் ஓடையைத் தேடினால் போதும், தாமிரபரணி பிறக்கிற மலை அது. டோங்காரிரோவிலோ கண்ணெதிரே பச்சையும் நீலமுமாக ஏரிகள் இருந்தும் ஒரு வாய் குடிக்க முடியாது. அந்த நிறமே கரைந்த தாதுக்களால் வந்தது. அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு அந்த ஏரிகள் புனிதம் என்பதால் தொடவும் கூடாது. அகத்தியரையும் சொரிமுத்தையனாரையும் கும்பிட்டு மலை ஏறும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் காலையிலேயே சுமந்துவிடுங்கள். மரமே இல்லாததால் வெயிலுக்கும் காற்றுக்கும் ஒதுங்க இடம் கிடையாது. புளியோதரைதான் எங்கள் மதியச் சாப்பாடு, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டோம்.

அப்புறம், புறப்படும் முன் எரிமலை எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். 2012 ஆகஸ்டில் அதே மலையின் டெ மாரி பகுதி வெடித்து, பறந்த கற்கள் கெடேடாஹி குடிலின் கூரையைத் துளைத்தன.

பயிற்சிக்கு மலையைவிட நான் சொல்வது திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு. கால் புதையும் அந்தச் செம்மணலில் பத்துக் கிலோ பையோடு ஏறி இறங்கிப் பழகினால் சல்லிச் சரிவு பிடிபடும். விடிந்ததும் தொடங்குங்கள், வெயில் ஏறிவிட்டால் அந்த மணலில் நடக்க முடியாது.