வீட்டார் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் ஊர் குடியாத்தம். வேலூரில் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு இயேசுவை ஏற்றுக்கொண்டேன். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை, பேச்சுதான் குறைந்துவிட்டது. வைகாசி முதல் தேதி எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. "சாமி கும்பிட வேண்டாம், வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ" என்று அம்மா அழைக்கிறார். எங்கள் போதகரை நாங்கள் எல்லோரும் அப்பா என்றுதான் கூப்பிடுவோம். "இனிமேல் இதுதான் உன் குடும்பம், போகாதே" என்கிறார் அவர். சபையில் எல்லோருக்கும் நான் சகோதரி. ஆனால் இந்த இரண்டு வருடங்களில் ஒருவர் வீட்டிலும் சாப்பிட்டதில்லை. விசுவாசத்தினால் நாம் ஒரே குடும்பம் என்பது உண்மைதானா? நான் ஊருக்குப் போகலாமா? பொட்டு வைக்கக்கூடாதா, பெயரை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்றும் சொல்லுங்கள்.

த.

அன்புள்ள த.,

போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

பொட்டைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. பெயர் உங்கள் அம்மா ஆசையாக வைத்தது, இருந்துவிட்டுப் போகட்டும். படையல் சோறு பற்றிய பயம் இருந்தால் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன. வாசித்துவிட்டு உங்கள் மனச்சாட்சியோடு பேசிக்கொள்ளுங்கள், என்னோடு வேண்டாம்.

போதகரை அப்பா என்று கூப்பிடும் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பூமியிலே ஒருவனையும் பிதா என்று சொல்லாதிருங்கள் என்று மத்தேயு 23-இல் இருக்கிறது. அவரும் அதைப் பலமுறை வாசித்திருப்பார். அடுத்த ஞாயிறு "அண்ணா" என்று கூப்பிட்டுப் பாருங்கள். முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியிருக்கும்போது, பெற்றவள் கூப்பிட்டால் போகாதே என்று தடுக்க இவர் யார்?

கடிதத்தை இதோடு மூடி வைத்திருப்பேன். "ஒருவர் வீட்டிலும் சாப்பிட்டதில்லை" என்ற வரி விடவில்லை. போன மாதம் இராணிப்பேட்டையில் எங்கள் பழைய வீட்டை விற்பதற்காகப் பரணை ஒழித்தபோது ஓர் அலுமினிய டம்ளர் கிடைத்தது. விளிம்பு நசுங்கியது. அதை மேசையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த நாட்களில்தான் உங்கள் கடிதம் வந்தது.

'தேவனுடைய வீட்டார்' என்கிறது எபேசியர் நிருபம். வீட்டார் என்றால் யார்? நம் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பாகம் பிரிப்பது பிறகு, பல வருடங்கள் கழித்து, வழக்கெல்லாம் நடந்து. அதற்கு முன்பே ஒரு நாள் சின்ன மருமகள் தனி உலை வைத்துவிடுவாள். ஊர் அன்றைக்கே சொல்லிவிடும், பிரிந்துவிட்டார்கள் என்று. ஒரே உலையில் வெந்த சோற்றைத் தின்கிறவர்கள் வீட்டார். மற்றவர்கள் உறவினர்கள், அவ்வளவுதான்.

நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள், அந்த வழியில் வந்த சபை எங்களுடையது. என் ஆயா, பாட்டிதான், வேதத்தில் கரைகண்டவர். இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து நாளில் அவர் முழங்கால்படியிடும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பெண்மணி முழங்கால்படியிடுவார், பள்ளிக்கூடம் பெருக்குகிற வேலை அவருக்கு. போதகர் கொண்டுவரும் ஒரே பாத்திரத்தில் ஆயா குடிப்பார், அடுத்து அந்த அம்மாள் குடிப்பார். செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். எல்லோருக்கும் பித்தளை டம்ளரில் காப்பி. அந்த அம்மாளுக்கு மட்டும் பின்தாழ்வாரத்து மாடத்தில் கவிழ்த்து வைத்திருந்த அலுமினிய டம்ளர். குடித்ததும் அவரே கழுவி அவரே கவிழ்த்துவிட்டுப் போவார். ஜெபத்தில் அவர் சகோதரி. ஜெபம் முடிந்தால் வீட்டுச் சிறுவர்கள்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். தெருவில் போகிற தயிர்க்காரியை அக்கா என்போம், இவரை இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு செவ்வாய்க்கிழமை தெரியாத்தனமாகப் பித்தளை டம்ளரில் அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஆயா திட்டவில்லை. கூட்டம் கலையுமுன்பே அந்த டம்ளரை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து அடுப்பு நெருப்பில் காட்டினார். பின்கட்டில் நின்ற அந்த அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அலுமினிய டம்ளரை மாடத்திலிருந்து எடுத்துக் கழுவி, காப்பி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். "கர்த்தர் ஆசீர்வதிப்பார், தம்பி" என்று வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த திருவிருந்துகளில் அவர் ஆயாவின் பக்கத்துக்கு வரவில்லை. கடைசி வரிசையில், கடைசி ஆளாக வந்து முழங்கால்படியிட்டார். தனக்குப் பின் அந்தப் பாத்திரத்தில் யாரும் வாய் வைக்கத் தேவையில்லாதபடி.

அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். அவர் உபதேசத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை, இலை மட்டும்தான் மாறியது. அதற்கே பவுல் எல்லோர் முன்னிலையிலும் முகமுகமாய் எதிர்த்தேன் என்று கலாத்தியருக்கு எழுதுகிறார். சோற்று விஷயம்தானே என்று விடவில்லை. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று தெற்கே கடிதம் எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையை விட்டுப் போனவர்கள் உண்டு, சாதியை விடவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று பல சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. எங்கள் சபையும் அதில் சேர்ந்தது. எங்கள் பின்தாழ்வாரத்து மாடத்துக்கு அந்தச் செய்தி வரவில்லை.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடங்களாக ஒருவரும் கூப்பிடவில்லை என்கிறீர்கள். நீங்கள் யாரைக் கூப்பிட்டீர்கள்? விடுதியில் அடுப்பு இல்லை என்று எழுதாதீர்கள். நான்கு மக்கன் பேடா வாங்கிக்கொண்டு ஒருத்தியைக் கோட்டை மைதானத்துக்குக் கூட்டிப்போக அடுப்பு எதற்கு? விசுவாசித்தவர்களுக்குத் தம் பிள்ளைகளாகும் அதிகாரம் கொடுத்தார் என்கிறார் யோவான். அதிகாரம், தயவு இல்லை. தகப்பன் சுவிகாரம் எடுத்த பிள்ளையை ஏற்பதா வேண்டாமா என்று பங்காளிகளிடம் யாரும் கேட்பதில்லை. முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும், பங்காளிகள் வேறு என்ன செய்வார்கள்? வீட்டுப் பிள்ளை நேராக அடுப்படிக்குப் போகும். நீங்கள் இரண்டு வருடங்களாகப் புது மருமகள்போல வாசற்படியில் நின்றுகொண்டு, ஆரத்தி வரவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "நாம் கடைசியாக யாரைக் கூப்பிட்டோம்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். மூன்று வருடங்கள் ஆகின்றன.

ஆகவே சிரசு முடிந்து திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் சத்துவாச்சாரிக்கு வாருங்கள். முகவரி தனியாக அனுப்புகிறேன். களி நாங்கள் கிண்டி வைக்கிறோம். உங்கள் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தால் ஒரு தூக்குவாளியில் கொண்டுவாருங்கள், மறுநாள்தான் அது ருசி. யார் செய்தது என்று கேட்பவர்களிடம் அம்மாவின் பெயரையும் சொல்ல வேண்டும், ஆகவே அதைக் கடிதத்தில் எழுதாமல் வந்து சொல்லுங்கள்.