ஊர் 'லூசு' என்று சொல்பவர்களைப் பற்றி: கேள்வி பதில்

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, அதனால் மாத்திரையின் பெயரைச் சொல்லி அளவு கேட்காதீர்கள். வழக்கத்துக்கு மாறாக வாழ்கிறவர்கள், அவர்களை வீடும் தெருவும் நடத்துகிற விதம், சட்டம் என்ன சொல்கிறது, இதிலெல்லாம் எது வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு வேண்டுகோளை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரசத்திலோ காபியிலோ ஒருவருக்குத் தெரியாமல் மாத்திரை கலந்து கொடுக்கிற பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

கேள்வி: மேடம், எங்கள் பெரியப்பாவுக்கு 61 வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தெருநாய்களுக்குச் சோறு பொங்கிப் போட ஆரம்பித்தார். கல்யாணம் காதுகுத்து எதற்கும் வருவதில்லை. நடக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறார்கள். உண்மையா?

நீங்கள் பெரியப்பாவைப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு ஒப்பிடுகிறீர்கள். அவரை நேற்றைய அவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பும் கூட்டம் பிடிக்காதவர், முன்பும் கணக்கு வழக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுகிறவர், பிள்ளைகளுக்குச் சம்பாதித்துப் போட வேண்டிய காலம் முடிந்ததும் தனக்குப் பிடித்ததைச் செய்கிறார் என்றால் அது நோய் இல்லை, அவருடைய சுபாவம் இப்போதுதான் வெளியே வருகிறது.

நான் கவலைப்படுவது வேறு மாதிரி மாற்றங்களுக்கு. பைசா பைசாவாகச் சேர்த்தவர் திடீரென்று கடன் வாங்கி வாரி இறைப்பது, அதிர்ந்து பேசாதவர் சபையில் கெட்ட வார்த்தை பேசுவது, பல நாள் தூங்காமலேயே உற்சாகமாக இருப்பது, யாரோ பேசுவதாகப் பதில் சொல்லிப் பயப்படுவது, குளிக்காமல் சாப்பிடாமல் இளைத்துப்போவது. 50, 60 வயதுக்கு மேல் புதிதாக இப்படி வந்தால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். தைராய்டு, பி12 குறைவு, மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை மறதிநோய் எல்லாமே குணத்தை மாற்றும். வயதானவர்களுக்குச் சிறுநீரில் கிருமித் தொற்று வந்தாலே இரண்டு நாளில் ஆள் மாறிப்போவார், மருந்து கொடுத்ததும் தெளிந்துவிடுவார். நாய்க்குச் சோறு போடுவது இந்தப் பட்டியலில் இல்லை. அவர் நிம்மதியாக இருக்கிறாரா என்று அவரிடமே யாராவது கேட்டீர்களா?

கேள்வி: சட்டப்படி யாரை மனநோயாளி என்று சொல்லலாம், அக்கா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம். அதன் 3ஆம் பிரிவைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும் என்பது என் ஆசை. உலக அளவிலோ தேசிய அளவிலோ ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவ அளவுகோலின்படிதான் மனநோய் என்று தீர்மானிக்க வேண்டும். ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க நெறிக்கோ, பண்பாட்டுக்கோ, வேலை பற்றிய எண்ணத்துக்கோ, அரசியலுக்கோ, மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. முன்பு சிகிச்சை எடுத்தார், ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பதை மட்டும் வைத்து இன்றைக்கும் நோயாளி என்று சொல்லவும் கூடாது.

சொத்துத் தகராறு உள்ள வீடுகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். மனநோய் இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுப்பது ஒன்று, சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவிப்பது வேறொன்று. முதலாவதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது கிடைத்துவிட்டதுபோல் தங்கையிடம் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வந்த அண்ணன்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பையனுக்கு 34 வயது. நல்ல வேலை. கல்யாணமே வேண்டாம் என்கிறான். கவுன்சிலிங் கூட்டிப் போகலாமா?

மேலே 3ஆம் பிரிவைப் படியுங்கள், அம்மா. கல்யாணம் வேண்டாம் என்பது நோய்க்குறி இல்லை.

கேள்வி: சித்தர்களும் பித்தர்களைப்போல் திரிந்தவர்கள்தானே? இன்று இருந்திருந்தால் அவர்களுக்கும் ஊசி போட்டிருப்பீர்களா?

குலசேகர ஆழ்வார் தனக்கு எல்லாரும் பேயர், அதாவது பித்தர், எல்லாருக்கும் தான் ஒரு பேயன் என்று பாடினார். அரசைத் துறந்தவர் என்று சொல்லப்படுபவர், ஊர் தன்னை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தே பாடியிருக்கிறார். தான் செய்வதும் அதற்கு ஊர் சொல்வதும் தெரிந்து, தெரிந்தே அதைத் தேர்ந்தெடுக்கிறவர் யாராக இருந்தாலும் அவரை நான் நோயாளியாகப் பார்க்க மாட்டேன்.

ஆனால் இதன் மறுபக்கமும் எனக்கு வருத்தம் தருவது. மலையடிவாரத்திலும் கோயில் வாசலிலும் காலில் புண்ணோடு, யாரோ துரத்துவதாகப் பயந்து ஒடுங்கி உட்கார்ந்திருப்பவரைச் சித்தர் என்று சொல்லி, சுற்றிக் கும்பிட்டு, லாட்டரி நம்பர் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் காலுக்கு ஒரு கட்டுப் போட யாரும் இல்லை. பைத்தியம் என்று கல்லெறிவதிலும் சாமி என்று விழுவதிலும் ஒரு விஷயம் விட்டுப்போகிறது: அவருக்கு வலிக்கிறதா என்று கேட்பது.

கேள்வி: உங்கள் துறையே மோசடி. ரோசன்ஹான் சோதனையில் நல்ல மனிதர்களையே பைத்தியம் என்று அடைத்துவைத்தார்கள். பதில் சொல்ல முடியுமா?

முடியும். தெரியாதவர்களுக்காக: டேவிட் ரோசன்ஹான் என்ற அமெரிக்க உளவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வு. நோய் இல்லாத 8 பேர், காதில் குரல் கேட்கிறது என்று மட்டும் சொல்லி 12 மருத்துவமனைகளுக்குப் போனார்கள், எல்லாவற்றிலும் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளே போனதும் சாதாரணமாக இருந்தும் வெளியே வரச் சராசரியாக 19 நாள் ஆனது. அவர்கள் குறிப்பு எழுதியதையே நோயின் அடையாளமாகப் பதிவு செய்திருந்தார்கள். இதைப் பல ஆண்டுகள் நானும் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் சூசன்னா கஹாலன் என்ற பத்திரிகையாளர் 2019இல் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்தபோது, ரோசன்ஹான் தன் கட்டுரையில் சொன்னதைவிட அதிகமான அறிகுறிகளை டாக்டரிடம் சொல்லியிருந்தது தெரியவந்தது. ஆகவே அந்த ஆய்வை வைத்து முழுத் துறையையும் தள்ளிவிட முடியாது.

துறையைக் குறை சொல்ல வேண்டுமென்றால் அதைவிட உறுதியான ஆதாரம் தருகிறேன். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க டாக்டர், எஜமானரிடமிருந்து அடிமைகள் தப்பி ஓடுவதையே ஒரு மனநோய் என்று எழுதினார். சோவியத் யூனியனில் அரசை எதிர்த்து எழுதியவர்களுக்கு 'மந்தமாக வளரும் ஸ்கிசோஃப்ரினியா' என்று முத்திரை குத்தினார்கள். உயிரியலாளர் ஜோரெஸ் மெத்வதேவை 1970இல் வீட்டிலிருந்து இழுத்துப்போய் 19 நாள் அடைத்துவைத்து, விஞ்ஞானிகள் கொந்தளித்த பிறகே விட்டார்கள். 3ஆம் பிரிவில் அரசியல் என்ற வார்த்தை இருப்பதன் அருமை இதைப் படித்தால்தான் புரியும்.

கேள்வி: ஊரே ஏற்றுக்கொண்ட 'லூசு' யாராவது உண்டா, அக்கா?

எனக்கு மிகவும் பிடித்தவர் சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த ஜோஷுவா நார்ட்டன். வியாபாரி. 1852 கடைசியில் அரிசித் தட்டுப்பாடு, விலை எங்கோ போனது. பெருவிலிருந்து வந்த ஒரு கப்பல் அரிசி முழுவதையும் 25,000 டாலருக்குப் பேசி வாங்கினார். அடுத்தடுத்து அரிசிக் கப்பல்கள் வந்து இறங்கின, விலை சரிந்தது, வழக்கு வழக்காக நடந்து ஆள் திவாலானார். 1859 செப்டம்பர் 17 அன்று ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், தன்னை அமெரிக்காவின் சக்கரவர்த்தி என்று அறிவிக்கும் காகிதத்தைக் கொடுத்தார். அதற்குப் பிறகு 20 வருஷம் தோள்பட்டையில் பொன்னிறக் குஞ்சம் வைத்த பழைய ராணுவ உடையும் இறகு சொருகிய தொப்பியுமாக நடைபாதை சரியாக இருக்கிறதா என்று தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். தன் பெயரில் நோட்டு அச்சடித்தார், சில கடைகளில் வாங்கிக்கொண்டார்கள். வளைகுடாவின் குறுக்கே பாலம் கட்டச் சொல்லி 1872இல் ஆணை போட்டார். அந்த வளைகுடாவில் 1936இல் பாலம் வந்தது.

1867இல் ஒரு காவலர் அவரைப் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பப் பிடித்துவந்தார். ஊர் கொதித்தது. அவர் யார் ரத்தத்தையும் சிந்தவில்லை, யாரையும் கொள்ளையடிக்கவில்லை, எந்த நாட்டையும் சூறையாடவில்லை என்று பத்திரிகை எழுதியது. காவல் துறைத் தலைவர் விடுவித்தார். அதன் பிறகு போலீஸ்காரர்கள் அவருக்கு சல்யூட் அடித்தார்கள்.

கேள்வி: நான் நர்ஸ். அக்கா, நீங்கள் அழகுபடுத்திச் சொல்கிறீர்கள். அந்த மனிதருக்கு நோய் இருந்தது. ஊர் அவரை வேடிக்கைப் பொருளாக வைத்துக்கொண்டது. சிகிச்சை கொடுத்திருக்க வேண்டாமா?

நியாயமான கேள்வி. அவர் பெயரில் போலி ஆணைகளைப் பத்திரிகைகளே எழுதி விற்றன, அவர் உருவத்தில் பொம்மை விற்றார்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் அன்றைக்கு எந்தச் சிகிச்சையைச் சொல்கிறீர்கள்? பிரமையைக் குறைக்கும் முதல் மருந்தான குளோர்புரோமசின் வந்ததே 1952இல். அன்று இருந்தது பூட்டு.

சரி, இன்று நம் ஊரில் நார்ட்டன் இருந்தால்? தன்னைச் சக்கரவர்த்தி என்று 20 வருஷம் அசையாமல் நம்புவதை எந்த மனநல டாக்டரும் பிரமை என்றே சொல்வார். ஆனால் சம்மதம் இல்லாமல் மருத்துவமனையில் சேர்க்க அதே 2017 சட்டத்தின் 89ஆம் பிரிவு கேட்பது வேறு: தன்னைக் காயப்படுத்திக்கொள்ள முயன்றாரா, பிறரைத் தாக்கினாரா, தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாமல் ஆபத்தில் இருக்கிறாரா. நார்ட்டன் வாடகை கொடுத்தார், நூலகம் போனார், சதுரங்கம் ஆடினார். நோய் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அவரைப் பிடித்துப் பூட்டலாமா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒன்றாக்குவதில்தான் எல்லாக் கொடுமையும் தொடங்குகிறது.

கேள்வி: அதே நர்ஸ். அப்படி விட்டுவிட்டு நோய் முற்றிக் கடைசி நிமிஷத்தில் கொண்டுவருகிறவர்களைத்தான் நாங்கள் வார்டில் பார்க்கிறோம்.

தெரியும். அதனால்தான் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கூப்பிடுங்கள், பேசுங்கள், தூக்கம் வரவில்லை என்ற குறைக்காவது டாக்டரைப் பார்க்கலாமே என்று கேளுங்கள். நான் சந்தித்தவர்களில் பிரமைக்கு உதவி கேட்டவர்கள் குறைவு, தூக்கத்துக்குக் கேட்டு வந்தவர்கள் அதிகம்.

கேள்வி: இன்னொருவர் குறுக்கிடுகிறேன். பணக்காரன் செய்தால் வித்தியாசமானவர், ஏழை செய்தால் பைத்தியம். இதுதானே விஷயம்?

பெரும்பாலும் அதுதான். ஸ்காட்லாந்தில் டேவிட் வீக்ஸ் என்பவர் சுமார் ஆயிரம் விசித்திர மனிதர்களை ஆராய்ந்து, பெரும்பாலோர் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று 1995இல் எழுதினார். ஆனால் அவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள், தன் விசித்திரத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வாய்ப்பு உள்ளவர்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்து இறந்த 28 பேரில் யாரையும் யாரும் விசித்திரமானவர் என்று ரசித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று 95ஆம் பிரிவின்படி சங்கிலி போடுவது குற்றம். எந்த விதத்திலும், எந்த வடிவத்திலும் கூடாது என்றே அதில் இருக்கிறது.

கேள்வி: மகள் இன்னொரு பெண்ணோடு வாழப் போகிறேன் என்கிறாள். குணப்படுத்தும் டாக்டர் யாராவது சொல்லுங்கள்.

குணப்படுத்த அங்கே நோய் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும் உலக சுகாதார நிறுவனம் 1990இலும் இதைத் தங்கள் பட்டியல்களிலிருந்து எடுத்துவிட்டன. மாற்றுகிறேன் என்று யாரும் 'சிகிச்சை' செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் சொல்லிவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அந்த வாசலை மிதிக்காதீர்கள். உங்கள் மனக்கஷ்டத்துக்கு 14416க்கு நீங்கள் போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

கேள்வி: தம்பிக்கு 29. சாமியாராகப் போகிறேன் என்கிறான். பைத்தியமா?

கேள்வி: மருமகள் தலையை மொட்டை அடித்துக்கொண்டாள். பைத்தியமா?

கேள்வி: வாட்ஸ்ஆப்பில் வந்த பத்துக் கேள்வி டெஸ்டில் என் கணவருக்கு 8 மார்க். பைத்தியமா?

மூன்றுக்கும் ஒரே பதில். முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள், தூக்கம், சாப்பாடு, பயம், திடீர் மாற்றம், இந்த நான்கையும் பாருங்கள். இனி 'பைத்தியமா' என்று முடிகிற கேள்விக்குத் தனியாகப் பதில் எழுத மாட்டேன். வாட்ஸ்ஆப் டெஸ்டை அழித்துவிடுங்கள்.

கேள்வி: அப்பா 20 வருஷப் பேப்பர், உடைந்த குடை, காலி டப்பா எல்லாம் சேர்த்து வைக்கிறார். படுக்க இடமில்லை.

இதற்கு உதவி தேவை. அடுப்புக்குப் பக்கத்தில் பேப்பர் கட்டு இருந்தால் அதை முதலில் அவரிடம் சொல்லிவிட்டு நகர்த்துங்கள். அவர் ஊருக்குப் போன நேரத்தில் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள், திரும்பி வந்து உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டே மாதத்தில் மறுபடி சேர்ந்துவிடும். சேகரிப்புக் கோளாறு இப்போது தனி நோயாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்கள் மட்டும் முதலில் போய்ப் பேசலாம்.

கேள்வி: மாத்திரை சாப்பிட மாட்டேன் என்கிறாள். கலந்து கொடுக்காமல் வேறு வழி?

திரும்பவும் இதேதான். கலக்காதீர்கள். தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று நம்புகிறவளின் சாதத்தில் நீங்கள் உண்மையிலேயே எதையோ கலக்கிறீர்கள், ஒருநாள் கிண்ணத்தின் அடியில் வெள்ளைத் தூளைப் பார்ப்பாள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அதைப் பார்த்த நாளிலிருந்து தானே உரித்த வாழைப்பழமும் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டும் தவிர வீட்டில் எதையும் தொடவில்லை. அம்மா கையால் சாப்பிட வைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. டாக்டரிடம் அவள் மறுக்கிற காரணத்தைச் சொல்லுங்கள்: தூக்கமா, எடை கூடுகிறதா, மாதவிடாய் தள்ளிப்போகிறதா. அதற்கு ஏற்ப மருந்தை மாற்றலாம், மாதம் ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது, அவளிடம் கேட்டுத்தான்.

கேள்வி: எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா, சேலை கிழிந்து, மழையில் நனைந்துகொண்டே இருக்கிறார். என்ன செய்வது?

முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா அம்மா என்று கேளுங்கள், போட்டோ எடுத்துப் போடாதீர்கள். அப்புறம் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். 100ஆம் பிரிவின்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியது அவர்கள் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது, வீட்டாரைத் தேட வழக்குப் பதிய வேண்டும். எங்களுக்கு இது வேலை இல்லை என்று ஸ்டேஷனில் சொன்னால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். சென்னை என்றால் தெருவில் வாழும் மனநோயாளிப் பெண்களுக்காக 1993இல் தொடங்கப்பட்ட பான்யன் அமைப்பு இருக்கிறது. எந்த ஊர் என்று எழுதுங்கள், மழை விடுவதற்கு முன் அங்கே யாரைக் கூப்பிடலாம் என்று பார்க்கிறேன்.