இடது கால் மட்டும் ஏன் வீங்குகிறது?

கேள்வி: வயது 27. 2 வருடமாக லூபஸ். முடி கொட்டுகிறது. ஏசியில் விரல்கள் நீலமாகின்றன. சிறுநீர் நுரைக்கிறது. 4 நாளாக இடது கால் வீங்கியிருக்கிறது. கண் போய்விடும் என்று யூடியூபில் பார்த்து ஹைட்ராக்சிகுளோரோகுவினை நிறுத்திவிட்டேன். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறேன். எனக்கும் டயாலிசிஸ்தானா டாக்டர்?
- வாசகி, பெரம்பூர்

பதில்: டயாலிசிஸைப் பற்றி அப்புறம் பேசுவோம் அம்மா. முதலில் அந்தக் காலைக் காட்ட இன்றைக்கே கிளம்புங்கள். வீட்டில் யாராவது தைலம் தேய்த்து அமுக்கிவிட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சிறுநீரகக் கோளாறால் வரும் வீக்கம் பெரும்பாலும் இரண்டு காலிலும் தெரியும். ஒரே கால் என்றால், உள்ளே ரத்தம் உறைந்து ரத்தக்குழாயை அடைத்திருக்கிறதா என்றுதான் எங்கள் சந்தேகம் போகும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். லூபஸ் என்பது நம் நோய் எதிர்ப்புச் சக்தியே நம் உடலைத் தாக்கும் நோய். அது சிறுநீரகத்தைத் தாக்கினால் சிறுநீரில் புரதம் ஒழுகும். தண்ணீர் ஊற்றிய பிறகும் கலையாமல் சோப்பு நுரை மாதிரி நிற்பது அதனாலாக இருக்கலாம். ரத்தம் கண்டபடி உறையாமல் காக்கிற ஆன்டித்ராம்பினும் அந்தப் புரதத்தோடு சேர்ந்து போய்விடுகிறது. போதாக்குறைக்கு, லூபஸ் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடியும் இருக்கிறது. அதையும் பார்த்தாக வேண்டும். இருந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள்.

அமுக்கும்போதோ தானாகவோ அந்த ரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் திடீரென்று மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும். அப்போது ஆட்டோ தேடாமல் 108-ஐ அழையுங்கள். அரிதாகச் சிறுநீரகத்தின் ரத்தக்குழாயிலேயே அடைப்பு வரும்: விலாவுக்குக் கீழே வலி, சிவந்த சிறுநீர்.

அதே நாளில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, பிபி, சிறுநீரில் புரதம்-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். விகிதம் 0.5-ஐத் தாண்டினால் பயாப்ஸி கேட்பார்கள், அதாவது சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். எந்த வகைப் பாதிப்பு என்று தெரிந்தால்தான் மருந்தை முடிவு செய்ய முடியும். நேரத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலானவர்கள் டயாலிசிஸ் பக்கமே போவதில்லை.

முடி, நோய் அடங்கினால் பெரும்பாலும் திரும்ப வளரும். விரலுக்கு, ஆபீஸில் சாக்ஸ், கையுறை போடுங்கள். புண் வந்தால் மட்டும் காட்டுங்கள்.

சரி, யூடியூப் டாக்டர் விஷயம். எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாத அளவில், முதல் 5 வருடத்தில் லூபஸுக்கான அந்த ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை கண்ணைக் கெடுப்பது மிக அரிது. சிறுநீரகம் நன்றாக இருந்தால், ஆரம்பத்தில் ஒருமுறை, 5 வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் கண் பரிசோதனை செய்தால் போதும்; சிறுநீரகம் பாதித்திருந்தால் ஆண்டுப் பரிசோதனையை முன்பே தொடங்க வேண்டும். சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு, அதைக் கெடுக்கும் டைக்ளோஃபெனாக்கை மெடிக்கலில் வாங்கிப் போட்டிருக்கிறீர்கள்! இன்றோடு அதை விடுங்கள். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சில கருத்தடை மாத்திரைகளும் ரத்தம் உறைவதைத் தூண்டும்; எடுத்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் முதலில் அதைச் சொல்லுங்கள்.