பாட்டில் எத்தனை?

கேள்வி: ராணுவ வீரர்களின் தற்கொலை பற்றிப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். தினமும் ஓடி, உடற்பயிற்சி செய்து, கட்டுப்பாடாக வாழ்கிறவனுக்கு மனநோய் எங்கிருந்து வரும்? எல்லாம் குடும்பத் தகராறுதான். இதையெல்லாம் எழுதிப் படையின் மானத்தை வாங்க வேண்டுமா? என் அண்ணன் மகன் ஜம்முவில் இருக்கிறான். அவனுக்கு அப்படி எதுவும் இல்லை.
– ஒரு வாசகர், ஆரணி

பதில்: மானத்தை வாங்கும் கணக்கு என்னுடையது அல்ல ஐயா, அரசாங்கத்துடையது. ஐந்து ஆண்டுகளில் முப்படையிலும் 819 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று 2022 ஜூலையில் மாநிலங்களவையில் அரசே சொன்னது. அதில் தரைப்படை மட்டும் 642. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளில் 2018 முதல் 2022 வரை 658. இவ்வளவும் பணியில் இருந்தவர்கள். பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள் இந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

குடும்பத் தகராறு இருக்கும்தான். இங்கே பங்காளி வரப்பை வெட்டுகிறான், அங்கே லீவு கிடைக்கவில்லை, கையில் துப்பாக்கியோடு ராத்திரி முழுக்க சென்ட்ரி நிற்கிறான். அதில் எவ்வளவு குடும்பம், எவ்வளவு வேலை என்று பிரித்துச் சொல்ல உங்களால் முடியுமா?

உடற்பயிற்சி என்றீர்கள். ராணுவத்தில் உடல்தகுதியை அளப்பதற்கு 'ஷேப்' (SHAPE) என்று ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துக் கணக்கு உண்டு. அதில் முதல் எழுத்து மனநலம். காது, கை கால், கண் எல்லாம் பிறகுதான். உங்களுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆனால் டாக்டரிடம் போய் "தூக்கம் வரலை சார்" என்று வாயைத் திறந்தால் உடல்தகுதிக் கேட்டகரி இறங்கலாம், ஆயுதம் தொடாதே என்று எழுதிவிடலாம், பிரமோஷன் நிற்கலாம். அப்புறம் எவன் திறப்பான்?

நோயோடு வெளியே வந்தாலோ, "இது பணியால் வந்ததல்ல" என்று ஊனமுற்றோர் பென்ஷன் கோரிக்கையைத் திருப்பி அனுப்புவார்கள். சேரும்போது குறிப்பில் இல்லாத நோயைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் வேலை என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் ராணுவத் தீர்ப்பாயத்தின் படியேறுகிறவர்கள் குறையவில்லை.

சரி, அரசை விடுங்கள். நாம் என்ன செய்கிறோம்? கொடி நாளன்று சட்டையில் கொடி குத்திக்கொள்கிறோம். பெட்டியில் வந்தால் ஊரே திரண்டு பூப்போடுகிறோம். உயிரோடு வந்தால்?

எங்கள் தெரு அடுக்குமாடியில் ஒரு வாட்ச்மேன், முன்னாள் ஹவில்தார். சிப்பாய்களில் பலருக்கு நாற்பதை ஒட்டியே ஓய்வு வந்துவிடும், பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அதனால்தான் ஏ.டி.எம். வாசலிலும் கேட்டிலும் இத்தனை மிலிட்டரிக்காரர்கள். அவர் நாற்காலியின் முதுகு எப்போதும் சுவரோடு ஒட்டியிருக்கும். போன தீபாவளியன்று யாரோ பத்தாயிரம்வாலாவைப் பற்றவைத்தார்கள். ஆளைக் காணோம். தேடினால், மோட்டார் ரூமில் மோட்டாரை ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். மேலே டேங்க் வழிந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "மிலிட்டரிக்குப் பட்டாசுன்னா பயமாம்" என்று பையன்கள் சிரித்தார்கள். பெரியவர்களும்தான். தண்ணீரை வீணாக்கியதற்காகச் சங்கத்தில் அவருக்கு ஒரு வசவும் கிடைத்தது.

அதே பெரியவர்கள் மாதாமாதம் அவரிடம் விசாரிப்பது ஒன்றே ஒன்றுதான்: "கோட்டா வாங்கியாச்சா?" ராணுவக் கேன்டீனில் மாதாமாதம் அவருக்குக் கிடைக்கும் சரக்கு பாட்டில்தான் அந்தக் கோட்டா.

டெலி மானஸ் என்று அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது: 14416. தமிழிலும் பேசலாம். அவருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேசினாரா என்று நான் கேட்கவில்லை.

உங்கள் அண்ணன் மகனுக்கு எதுவும் இல்லை என்கிறீர்கள், சந்தோஷம். போன லீவில் வந்தபோது ராத்திரி தூங்குகிறானா என்று வீட்டில் யாராவது கேட்டீர்களா? இல்லை, பாட்டில் எத்தனை என்று மட்டும்தானா?