விமர்சனக் கோட்பாடு அரசியலில் அதிகாரத்தைப் போதுமான அளவு விளக்குகிறதா?

பாதிதான் விளக்குகிறது என்பேன். மக்கள் ஏன் அடங்கிப் போகிறார்கள் என்று கேட்டால் இந்தக் கோட்பாட்டை உருவாக்கிய, ஃபிராங்க்ஃபர்ட் சமூக ஆய்வகத்தின் சிந்தனையாளர்களிடம் நல்ல பதில் இருக்கிறது. யார், யாரோடு பேரம் பேசி முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் அந்தக் கேள்வியை நேராகக் கேட்ட ஒருவர் அவர்களோடேயே இருந்தார். ஃபிரான்ஸ் நாய்மன். ஹிட்லர் வருவதற்கு முன்பு பெர்லினில் தொழிற்சங்கங்களுக்காக வாதாடிய வக்கீல். இவர்கள் எல்லோரும் நியூயார்க்கில் அகதிகளாக இருந்த காலம். 1941-இல் ஆய்வகத்தின் பொருளாதார அறிஞர் ஃபிரெட்ரிக் பொல்லாக், நாஜி ஜெர்மனியில் சந்தை போய்விட்டது, இனி எல்லாம் அரசின் கட்டளைதான் என்று எழுதினார். நாய்மன் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு வந்த 'பெஹிமோத்' நூலில், அங்கே ஒரே அரசு என்று ஒன்று இல்லவே இல்லை என்றார். கட்சி, ராணுவம், அதிகாரிகள், பெருமுதலாளிகள் என்று நான்கு கூட்டங்கள்; தங்களுக்குள் பேரம் பேசிக்கொண்டு நாட்டை ஆள்கின்றன. சட்டங்கள், ஆணைகள், கம்பெனிக் கூட்டணிகள் என்று வக்கீல் புத்தியோடு தோண்டி எடுத்த முடிவு அது. ஆய்வக இயக்குநர் ஹோர்க்ஹைமர் பொல்லாக் பக்கம் சாய்ந்தார். நாய்மன் ஆய்வகத்தை விட்டுப் போய் அமெரிக்க உளவுத்துறையில் வேலை பார்த்தார். நஷ்டம் ஆய்வகத்துக்குத்தான்.

அப்புறம் ஹோர்க்ஹைமரும் அவருடைய சகா அடோர்னோவும் 1947-இல் வெளியிட்ட 'அறிவொளியின் இயங்கியல்' நூலில் அதிகாரம் ஹோமர் காலத்திலிருந்து ஹாலிவுட் வரை பரவிவிட்டது. ஹோமரின் நாயகன் ஒடிஸியஸ் பாய்மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு, ஆளை மயக்கிக் கொல்லும் மோகினிகளின் பாட்டைக் கேட்கிறான்; துடுப்புப் போடுகிறவர்கள் காதில் மெழுகு. ஆள்பவனும் கட்டுண்டுதான் கிடக்கிறான் என்பது அருமையான பார்வை, மறுக்கவில்லை. ஆனால் துடுப்புப் போட மறுத்தால் என்ன ஆகும்? கயிற்றை அவிழ்க்காமலே இருந்துவிட்டால்? எனக்கு அரசியல் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த தலைமுறைச் சிந்தனையாளர் ஹாபர்மாஸ் பேச்சுக்கும் விவாதத்துக்கும் திரும்பினார். அந்த விவாத மேடைக்குள் பெண்களையும் தொழிலாளிகளையும் விடவே இல்லையே என்று அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் நான்சி ஃபிரேசர் கேட்டது நியாயமான கேள்வி.

அதிகாரத்தைப் பாதிதான் விளக்குகிறார்கள் என்ற இந்தக் குறை நான் கண்டுபிடித்ததல்ல. பின்னாளில் அதே ஆய்வகத்துக்கு இயக்குநரான அக்ஸல் ஹொனெத்தே 1985-இல் அடோர்னோ முதல் ஹாபர்மாஸ் வரை அதிகாரத்தைப் பற்றிச் சொன்னதை வரிசையாகக் கேள்விக்கு உட்படுத்தி ஒரு நூல் எழுதினார்.

1969 ஜனவரியில் மாணவர்கள் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது அடோர்னோ போலீஸைக் கூப்பிட்டார். கைதானவர்கள் 76 பேர். ஆய்வகத்தின் பழைய தோழர் மார்க்யூஸ் கடிதத்தில் அவரைக் கடிந்துகொண்டார். அந்தக் கடிதப் போக்குவரத்தைத் தேடிப் படியுங்கள். நேரமிருந்தால் 'பெஹிமோத்'தையும். தடிமனான புத்தகம், பொருளாதாரப் பகுதியில் எனக்கு இரண்டு முறை தூக்கம் வந்தது.