இதயத் தசை பலவீனமானவருக்கு மைட்ரல் வால்வு கசிந்தால், கிளிப் போடுவதால் பலன் உண்டா?

உண்டு, ஆனால் எல்லோருக்கும் இல்லை. மைட்ரல் வால்வு என்பது இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே கதவு போல இருப்பது; கிளிப் அதன் இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கும். இங்கே வால்வு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். இடது கீழறை விரியும்போது வால்வின் இதழ்கள் இழுபட்டு, ஒன்றோடொன்று சேராமல் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது.

2018-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் எதிரெதிரான முடிவைத் தந்தன. பிரான்சில் 304 பேரிடம் நடந்த மித்ரா-எஃப்ஆரில் ஓராண்டில் பலன் தெரியவில்லை. 614 பேர் சேர்ந்த கோஆப்டிலோ, இரண்டாண்டில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் சுமார் 46 சதவீதம் பேர் இறந்தார்கள். கிளிப்பும் போட்டவர்களில் 29. பெரிய வித்தியாசம்!

நோயாளித் தேர்வுதான் முக்கியக் காரணம் என்பது என் கருத்து. கோஆப்டில் கசிவு அதிகம், கீழறை விரிவு குறைவு. அப்புறம், தாங்கக்கூடிய அளவுக்கு மருந்தை ஏற்றிப் பார்த்த பிறகே சேர்த்தார்கள். அதனால், மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.