மல்லிகை மணம்: மலிவான பொடி மிஸ்டா, விலைகூடிய பெர்ஃபியூமா?

உவர்மலையிலிருந்து: அக்கா, 250 மில்லிலீற்றர் மல்லிகை பொடி மிஸ்டை (body mist, உடலில் தெளிக்கும் இலேசான வாசனை நீர்) விட 50 மில்லிலீற்றர் பெர்ஃபியூம் ஏறத்தாழ பத்து மடங்கு விலையாக உள்ளது. பெயருக்காகத்தான் இவ்வளவு பணமா?

பதில்: பெயருக்கும் போத்தலுக்கும் போகும் பணம் சிறிதல்ல. ஆயினும் வேறுபாடு அங்கேயே முடிவதில்லை. பொடி மிஸ்டில் வாசனைச் செறிவு பொதுவாக 1 முதல் 3 சதவீதம். 'ஓ டி பார்ஃபம்' எனும் பெர்ஃபியூம் வகையில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம். மிகுதி பெரும்பாலும் அல்ககோலும் நீருமே. மிஸ்டில் 2 சதவீதம், பெர்ஃபியூமில் 18 சதவீதம் என்று கொண்டால், பெரிய போத்தலில் 5 மில்லிலீற்றரும் சிறியதில் 9 மில்லிலீற்றரும் வாசனை எண்ணெய் இருக்கும். அதாவது பத்து மடங்கு விலைக்கு இரு மடங்குச் சரக்குக்கூட இல்லை. மீதிப் பணத்தில் நியாயமான பங்கு மணத்தின் அமைப்புக்கு உரியது. மிஸ்ட் முதலில் எழும் மணத்தோடு பெரும்பாலும் ஓய்ந்துவிட, நல்ல பெர்ஃபியூமில் எலுமிச்சை போன்ற இலேசான மணங்கள் முதலில் கலைந்து, பின் மலர் மணம் எழுந்து, இறுதியில் சந்தனம், கஸ்தூரி போன்ற கனமானவை தோலில் மணிக்கணக்காகத் தங்கும். கடையில் பத்து நிமிடம் முகர்ந்து ஒப்பிடுபவருக்கு இது புலப்படாது.

தம்பலகாமத்திலிருந்து: விலைகூடியதில் உண்மையான மல்லிகையும் மற்றதில் இரசாயனமும் இருப்பதாகச் சொல்கிறார்களே?

பதில்: பாதிதான் சரி. ஒரு கிலோ மல்லிகைச் சாரத்துக்குப் பல இலட்சம் பூக்கள் வேண்டும் என்பதால், மலிவான மிஸ்டில் அதை எதிர்பார்க்க இயலாது. ஆனால் 1921இல் வெளிவந்த சனல் நம்பர் 5 என்ற பெர்ஃபியூம், பிரான்சின் கிராஸ் ஊர் மல்லிகையோடு அல்டிஹைட் எனும் செயற்கைப் பொருள்களைத் தாராளமாகச் சேர்த்தே புகழ்பெற்றது. 1966இல் வந்த டியோர் நிறுவனத்தின் ஓ சவாஜ் என்ற வாசனைத் திரவியத்தில் மல்லிகைச் சாயலைத் தந்தது ஹெடியோன் என்ற செயற்கை மூலக்கூறு. ஆகவே செயற்கை என்பதற்காக மட்டும் மிஸ்டைத் தாழ்த்த வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து: சகோதரி, அல்ககோல் இல்லாதது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். எண்ணெய் அடிப்படையிலான அத்தர் உண்டு. அல்ககோல் அற்ற மிஸ்டுகளும் வருகின்றன. மார்க்கத் தீர்ப்பை மௌலவிமாரிடமே கேளுங்கள்.

நிலாவெளியிலிருந்து: வெப்பமும் வறட்சியுமான கச்சான் காற்றுக் காலத்தில் எதைப் பூசினாலும் நிற்பதில்லை. எதை வாங்குவது?

பதில்: வெப்பம் மணத்தை விரைவாக ஆவியாக்குகிறது; வறண்ட காற்றில் உலர்ந்த தோலும் அதைப் பிடித்து வைப்பதில்லை. குளித்தவுடன் வாசனையற்ற லோஷன் பூசி, அதன்மேல் மிஸ்ட் அடித்து, நண்பகலில் ஒருமுறை புதுப்பித்தால் வேலை நாளுக்கு அது போதும். நெரிசலான பஸ்ஸில், அந்த வெயிலில், கனமான பெர்ஃபியூம் பக்கத்தில் நிற்பவருக்குத் தண்டனை என்பது என் கருத்து. பெர்ஃபியூமை மாலைக் கல்யாண வரவேற்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பட்டுச்சேலையில் கறை விழும் என்பதால் தோலில் மட்டும் தெளித்து, உலர்ந்த பின்னரே குத்துவிளக்கருகே செல்லுங்கள். எதை வாங்கினாலும் வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். சூடு இரண்டையும் கெடுத்துவிடும்.